அறையைச் சூடாக்கும் வாயுக் கணப்புகள்: தேர்ந்தெடுக்கும் முறை

இமயமலைப் பிரதேசங்களிலும், அவற்றிற்கு அப்பாலுள்ள லடாக் போன்ற உயர்ந்த பீடபூமிகளிலும், குளிர்காலம் மனிதனின் உடல்நலத்தையும் வேலைத்திறனையும் நேராகத் தாக்கும் ஒரு பருவமாகும். நில அளவை, வானிலை ஆராய்ச்சி, சாலை அமைப்பு, கனிப்பொருள் ஆய்வு முதலிய பணிகளை முன்னிட்டு அங்குச் சென்று தங்கும் அலுவலர்களில் தென்னாட்டினரும் உளர். அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிரை அறிந்தவர்கள். காஷ்மீரத்துக் காங்கிரியும், புகைபோக்கி பொருத்திய புகாரி அடுப்பும் அவர்களுடைய அனுபவத்தின் விளைவுகள். ஆனால் நம்மவர்க்கோ, உறங்கும் அறைக்குள் நெருப்பை வைத்துக்கொள்வது புதிய பழக்கம். ஆகவே, இக்காலத்தில் பெருகிவரும் வாயுக் கணப்புகளின் வகைகளையும், அவற்றுள் தக்கதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் விளக்குவது பயனுடையதாகும்.

இப்பொருள் எத்துணை முக்கியமானது என்பதற்கு அண்மைக்காலத்து நிகழ்ச்சி ஒன்றே போதும். 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கேரளத்திலிருந்து நேபாளத்திற்குச் சுற்றுலா சென்ற குழுவினர், தாமன் என்னும் மலையூரில் இரவு தங்கினர். அவ்வூரின் உயரம் சுமார் 2,300 மீட்டர்; ஏறத்தாழ நம் உதகமண்டலத்தின் உயரமே. குளிர் மிகுதியாக இருந்தமையால், எட்டுப் பேர் ஓர் அறையில் வாயுக் கணப்பை ஏற்றிவிட்டுக் கதவையும் ஜன்னல்களையும் அடைத்துக்கொண்டு உறங்கினர். 21ஆம் தேதி காலையில் அவர்கள் உணர்விழந்து கிடந்தனர். காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட எண்மரும் இறந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். அவ்விரவில் சிலிண்டர் வெடிக்கவில்லை, தீப்பற்றவும் இல்லை. கணப்பு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவே.

கணப்பு வாங்குபவர் பெரும்பாலும் கேட்கும் கேள்விகள் மூன்று: விலை என்ன? எவ்வளவு சூடு தரும்? வாயுச் செலவு எவ்வளவு? இவை கேட்கத்தக்கவையே. ஆயினும் இவற்றிற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. இக்கணப்பு எரிவதற்குக் காற்றை எங்கிருந்து பெறுகிறது. எரிந்தபின் உண்டாகும் வாயுக்கள் எங்குச் செல்கின்றன? இதற்கு விடை கண்ட பின்னரே ஏனைய கேள்விகளுக்குச் செல்ல வேண்டும்.

எரிதலின் கணக்கு

நம் நாட்டில் சிலிண்டரில் அடைத்து விற்கப்படும் திரவப் பெட்ரோலிய வாயு, புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையாகும். இவ்விரண்டும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்கள். இக்கலவையில் 1 கிலோகிராம் முழுமையாக எரிய வேண்டுமாயின் சுமார் 3.6 கிலோகிராம் பிராணவாயு தேவைப்படுகிறது. எரிதலின் முடிவில் சுமார் 3 கிலோகிராம் கரியமில வாயுவும், 1.6 கிலோகிராம் நீராவியும் உண்டாகின்றன.

இக்கணக்கை ஓர் உண்மையான அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். கடைகளில் மிகுதியாகக் காணப்படுவது, சிலிண்டரைத் தன் கூட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பெட்டி வடிவக் கணப்பு. அதன் முகப்பில் மூன்று பீங்கான் பலகைகள் இருக்கும். மூன்றும் எரியும்போது அது சுமார் 4.2 கிலோவாட் வெப்பம் தருகிறது; மணிக்கு ஏறத்தாழ 300 கிராம் வாயுவைச் செலவிடுகிறது. 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறையில் இதை ஏற்றுவதாகக் கொள்வோம். அவ்வறையின் கன அளவு 40 கன மீட்டர். கடல் மட்டத்தில் அதிலுள்ள காற்றின் எடை சுமார் 48 கிலோகிராம். அதில் பிராணவாயு 11 கிலோகிராம்.

கணப்பு ஒரு மணி நேரத்தில் இதில் 1 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான பிராணவாயுவை உட்கொள்கிறது. அறையில் காற்றுப் புகும் வழியே இல்லையெனில், காற்றில் 21 சதவீதமாக உள்ள பிராணவாயு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் 18 சதவீதமாகக் குறைந்துவிடும். அதே நேரத்தில் கரியமில வாயுவின் அளவு, வெளிக்காற்றில் இருப்பதைப்போல் நாற்பது மடங்கிற்கு மேல் ஏறியிருக்கும். மணிக்கு அரை லிட்டர் அளவு நீரும் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. குளிர்ந்த சுவர்களிலும் கண்ணாடிகளிலும் நீர் வழிவதற்குக் காரணம் இதுவே. எந்த அறையும் முற்றிலும் காற்றுப் புகாததாக இராது என்பது உண்மைதான். ஆனால் குளிருக்கு அஞ்சிக் கதவிடுக்கில் துணியைத் திணித்து, ஜன்னலில் காகிதம் ஒட்டிய அறை அந்நிலையை மிகவும் நெருங்கிவிடுகிறது.

இதனினும் கொடியது அடுத்த படி. பிராணவாயு குறையுந்தோறும் எரிதல் அரைகுறையாகிறது. அப்போது கரியமில வாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகத் தொடங்குகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையோ தொண்டையையோ கரிக்கும் தன்மையும் இல்லை. சிலிண்டர் வாயு கசிந்தால், அதில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டுள்ள நாற்றம் நம்மை எச்சரிக்கும். கார்பன் மோனாக்ஸைடு அவ்வாறு எச்சரிப்பதில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் இவ்வாயுவோடு சேர்கிறது. ஆகவே காற்றில் மிகச் சிறிதளவே இருப்பினும், நேரம் செல்லச் செல்ல அது இரத்தத்தை ஆக்கிரமித்துக்கொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலே உணர்விழப்பது இக்காரணத்தாலேயே.

வெப்பம் தரும் விதத்தால் மூன்று வகை

வாயுக் கணப்புகளை வெப்பம் தரும் விதத்தைக்கொண்டு முதலில் பிரிக்கலாம்.

முதலாவது, கதிர்வீசும் கணப்பு. இதில் நுண்துளைகள் நிறைந்த பீங்கான் பலகையின் மேற்பரப்பிலேயே வாயு எரிகிறது. பலகை செந்நிறமாகக் கனன்று, வெயிலைப்போல நேர்க்கோட்டில் வெப்பத்தை வீசுகிறது. இவ்வெப்பம் இடையிலுள்ள காற்றை அதிகம் சூடாக்காமல், எதிரேயுள்ள மனிதர் மீதும் பொருள்கள் மீதும் நேரே படுகிறது. ஏற்றிய சில நிமிடங்களில் பயன் தெரியும். உயர்ந்த கூரையுள்ள கூடங்கள், அடிக்கடி கதவு திறக்கப்படும் அலுவலக முன்னறைகள், பட்டறைகள் ஆகியவற்றிற்கு இவ்வகை ஏற்றது. ஏனெனில் அங்கெல்லாம் காற்றைச் சூடாக்குவது வீண் செலவு. ஆனால் வகுப்பறைக்கு இது அவ்வளவு பொருந்தாது. முன் வரிசை மாணவனின் முகம் தகிக்கும்போது, கடைசி வரிசை மாணவனின் கைவிரல்கள் விறைத்திருக்கும்.

இரண்டாவது, வெப்பச் சலனக் கணப்பு. இதில் சுடர் ஓர் உலோகக் கூட்டைச் சூடாக்குகிறது. கீழ்வழியே நுழையும் குளிர்ந்த காற்று, கூட்டைத் தழுவிச் சூடேறி மேலே எழுகிறது. அறை முழுவதும் காற்று சுழன்று சூடு பரவுகிறது. தாழ்ந்த கூரையும் அடைத்த கதவுகளும் உள்ள அறைக்கு இது ஏற்றது. அறை சூடேறச் சற்று நேரமாகும். ஏறிய பின் வெப்பம் சீராக இருக்கும். உயர்ந்த கூரையுள்ள அறையிலோ வெப்பமெல்லாம் கூரையடியில் தங்கிவிட, கீழே கால்கள் குளிர்ந்தே இருக்கும்.

மூன்றாவது, கிரியா ஊக்கியால் இயங்கும் கணப்பு. 1817ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, சூடேற்றிய பிளாட்டினக் கம்பி நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சுடரின்றியே கனல்வதைக் கண்டார். அத்தத்துவமே இக்கணப்பின் அடிப்படை. பிளாட்டினம் போன்ற உலோகத் துகள்களைத் தாங்கிய இழைப் பஞ்சணையின் ஊடே வாயு செல்லும்போது, சுடர் தோன்றாமலே பிராணவாயுவுடன் கூடி வெப்பத்தை வெளியிடுகிறது. பஞ்சணை புதிதாக உள்ளவரை கார்பன் மோனாக்ஸைடு மிகக் குறைவாகவே உண்டாகும். நாட்பட்டுப் பஞ்சணை தூசியேறினாலோ ஊக்கி திறன் இழந்தாலோ, எரியாத வாயு அறைக்குள் வெளியேறத் தொடங்கும்.

ஊக்கிக் கணப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. சுடர் இல்லாமையால் அது பிராணவாயுவைச் செலவழிப்பதில்லை எனச் சிலர் நம்புகின்றனர். இது பிழை. சுடர் இருப்பினும் இல்லாவிடினும், எரியும் வாயுவின் எடைக்கேற்ற பிராணவாயு செலவாகியே தீரும். மேலே கூறிய கணக்கு இதற்கும் முற்றிலும் பொருந்தும்.

புகை செல்லும் வழியால் மூன்று வகை

வெப்பம் தரும் விதம் நம் வசதியைப் பற்றியது. புகை செல்லும் வழியோ நம் உயிரைப் பற்றியது. இவ்வகையிலும் கணப்புகள் மூன்று பிரிவாகும்.

முதற் பிரிவு, புகைபோக்கி இல்லாதவை. அறைக் காற்றையே உட்கொண்டு, எரிந்த வாயுக்களை அறைக்குள்ளேயே விடுபவை இவை. மேற்கூறிய பெட்டி வடிவக் கணப்புகள் அனைத்தும் இப்பிரிவைச் சேர்ந்தவை. விலை குறைவு, இடம் மாற்றுவது எளிது, சுவரில் துளையிட வேண்டுவதில்லை ஆகிய காரணங்களால் இவையே மிகுதியாக விற்பனையாகின்றன.

இரண்டாம் பிரிவு, திறந்த புகைபோக்கி உள்ளவை. இவை அறைக் காற்றை உட்கொண்டாலும், எரிந்த வாயுக்களைக் குழாய் வழியே கூரைக்கு மேல் அனுப்பிவிடுகின்றன. குழாய் சூடாக இருக்கும்வரை புகை மேலே இழுக்கப்படும். ஆனால் பறவை கட்டிய கூடோ, உறைபனியோ குழாயை அடைத்துக்கொண்டால், அல்லது அடுத்த அறையில் காற்று வெளியேற்றும் மின்விசிறி சுழன்றால், புகை திரும்பி அறைக்குள்ளேயே வரும். அறைக்குள் புதுக்காற்று வரும் வழியும் இதற்குத் தேவை.

மூன்றாம் பிரிவு, அறைக் காற்றோடு தொடர்பே இல்லாத மூடிய கணப்பு. இதன் எரியறை முற்றிலும் மூடப்பட்டிருக்கும். வெளிச் சுவரில் செல்லும் இரட்டைக் குழாயில் ஒன்றன் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. மற்றதன் வழியே எரிந்த வாயு வெளியே செல்கிறது. அறையிலுள்ளவர் சுவாசிக்கும் காற்றும் கணப்பு சுவாசிக்கும் காற்றும் வேறு வேறாகிவிடுகின்றன. உறங்கும் அறைக்கு ஏற்ற வாயுக் கணப்பு இது ஒன்றே. விலையும் பொருத்தும் செலவும் அதிகம். வெளிச்சுவர் உள்ள அறையில்தான் வைக்க முடியும். குழாயின் வெளிவாயைப் பனி மூடாதவாறு காத்தலும் அவசியம்.

காற்றோட்டத்தால் இழப்பது எவ்வளவு?

புகைபோக்கி இல்லாத கணப்பை விற்போர் கூறும் முக்கிய வாதம், அது தரும் வெப்பம் முழுவதும் அறைக்கே கிடைக்கிறது, புகைபோக்கி வழியே எதுவும் வீணாவதில்லை என்பது. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது.

மேலே கூறிய 4.2 கிலோவாட் கணப்பை எடுத்துக்கொள்வோம். அறையில் கரியமில வாயுவின் அளவு அரை சதவீதத்திற்கு மேற்படாமல் இருக்க வேண்டுமாயின், மணிக்குச் சுமார் 106 கன மீட்டர் புதுக்காற்று உள்ளே வர வேண்டும். வெளியே சுழியமும் உள்ளே 25 டிகிரியுமாக இருப்பின், இக்காற்றைச் சூடாக்கவே ஏறத்தாழ 0.9 கிலோவாட் செலவாகும். அதாவது, மொத்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல புகைபோக்கிக் கணப்பில் வெளியே போகும் வெப்பமும் ஏறத்தாழ இவ்வளவே. எனவே முறையான காற்றோட்டத்துடன் பயன்படுத்தினால், புகைபோக்கி இல்லாத கணப்பில் எரிபொருள் மிச்சமாகும் என்பது பெயரளவே. காற்றோட்டமின்றிப் பயன்படுத்தினால் மிச்சமாகும். ஆனால் அது நம் மூச்சுக்காற்றிலிருந்து எடுத்த மிச்சம்.

காற்று வரும் வழி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஐரோப்பியத் தயாரிப்புகளின் கையேடுகளில், ஒரு கிலோவாட்டிற்கு 25 சதுர சென்டிமீட்டர் என்ற அளவில் நிலையான துளை வேண்டுமென்றும், அது தரையருகிலும் கூரையருகிலுமாகப் பிரிந்திருக்க வேண்டுமென்றும் கூறப்படுவதுண்டு. 4.2 கிலோவாட் கணப்பிற்கு இது மொத்தம் 105 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் அட்டையைவிடச் சற்றுச் சிறிய பரப்பு. கீழ்த்துளைக்கு மற்றொரு பயனும் உண்டு. கசியும் சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு படரும் அது அத்துளை வழியே வெளியேறும்.

உயரமும் உறைகுளிரும்

லே நகரின் உயரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதமே. நாம் எடுத்துக்கொண்ட அதே அறையில், 11 கிலோகிராமுக்குப் பதிலாக 8 கிலோகிராமுக்கும் குறைவான பிராணவாயுவே அங்கு இருக்கும். சமவெளியில் ஒன்றரை மணி நேரத்தில் நேருவது, அங்கு ஒரு மணி நேரத்திலேயே நேர்ந்துவிடும்.

அடுத்த இடர் எரியடுப்பில் உள்ளது. சமவெளிக்கென அமைக்கப்பட்ட துளை வழியே வாயு வழக்கம்போல் வெளிவர, அதனுடன் கலக்க வேண்டிய காற்றோ மெலிந்திருக்கிறது. விளைவு, அரைகுறை எரிதல், மஞ்சள் சுடர், புகைக்கரி. இதைக் கருதியே வட அமெரிக்காவில், 600 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் வாயுவின் அளவைச் சுமார் 4 சதவீதம் குறைக்கும் வழக்கம் உள்ளது. ஆகவே கணப்பு வாங்கும்போது, அது எவ்வளவு உயரம் வரை பயன்படுத்தத்தக்கது எனக் கையேட்டில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் இன்றியமையாதது. துளையைத் தாமே பெரிதாக்குவதும் அடைப்பதும் கூடாது. பயிற்சி பெற்ற பணியாளரே அதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது இடர் சிலிண்டரில் உள்ளது. புரோப்பேன் சுழியத்திற்குக் கீழே 42 டிகிரியில் கொதிக்கும். பியூட்டேனோ சுழியத்தை ஒட்டியே கொதிக்கும். உறைகுளிரில் பியூட்டேன் ஆவியாக மறுத்துச் சிலிண்டரின் அடியில் திரவமாகவே தங்கிவிடும். சிலிண்டர் காலியாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும். இந்நிலையில் சிலிண்டரின் அடியில் தீ மூட்டுவதும், கணப்பின் எதிரே அதை நிறுத்துவதும் பேராபத்தில் முடியும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் திரவமே குழாயில் புகும்.

காவல் சாதனங்கள்

நல்ல கணப்பில் இரண்டு காவல் சாதனங்கள் அவசியம் இருக்க வேண்டும்.

ஒன்று, சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் வால்வு. இரு வேறு உலோகங்கள் இணையும் இடத்தைச் சூடாக்கினால் மின்னோட்டம் உண்டாகும் என்பதை ஸீபெக் 1821ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சிறு சுடரில் வைக்கப்பட்ட அத்தகைய உலோக இணை உண்டாக்கும் மின்சாரம், ஒரு காந்தத்தின் மூலம் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. சுடர் அணைந்தால் இணை குளிர்கிறது, மின்சாரம் நிற்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது. கணப்பை ஏற்றும்போது குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது இவ்விணை சூடேறுவதற்காகவே.

மற்றொன்று, பிராணவாயுக் குறைவை உணரும் சாதனம். இதுவும் அதே தத்துவத்தைக் கொண்டது. பிராணவாயு குறைந்தால் சிறு சுடர் தன் துளையை விட்டு விலகி எழும். அப்போது உலோக இணை குளிர்ந்து வாயு நின்றுவிடும். பெரும்பாலும் பிராணவாயு 18 சதவீதத்திற்கு இறங்கும்போது இது நிகழுமாறு அமைக்கப்படுகிறது. புகைபோக்கி இல்லாத கணப்பில் இச்சாதனம் இல்லையெனில் அதை வாங்கவே கூடாது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உயரமான இடங்களில் இச்சாதனம் அடிக்கடி கணப்பை அணைத்துவிடக்கூடும். சுமார் 2,100 மீட்டருக்கு மேல் அவ்வாறு நேரலாம் எனச் சில தயாரிப்பாளர்களே தெரிவிக்கின்றனர். சாதனம் கெட்டுவிட்டது என்றெண்ணி, குமிழைக் கயிற்றால் கட்டி வைப்பதோ, இணையை நீக்கிவிடுவதோ கூடாது. அவ்வூருக்கு அக்கணப்பு ஏற்றதன்று என்பதே அதன் பொருள். மேலும், இச்சாதனம் பிராணவாயுவை மட்டுமே கவனிக்கிறது. கார்பன் மோனாக்ஸைடை அளப்பதில்லை. தூசியடைந்த எரியடுப்பு, பிராணவாயு போதிய அளவு உள்ளபோதே நஞ்சை உண்டாக்கக்கூடும்.

எனவே கார்பன் மோனாக்ஸைடை உணர்ந்து ஒலியெழுப்பும் தனிக் கருவியும் அறையில் இருத்தல் வேண்டும். உறங்குபவர் சுவாசிக்கும் உயரத்தில் அதை வைக்கலாம். தயாரிப்பாளர் வேறு இடம் குறித்திருப்பின் அதையே பின்பற்றுக. இக்கருவிகளின் ஆயுள் சில ஆண்டுகளே; அதன்மேல் அச்சிட்டுள்ள முடிவுத் தேதியைக் கவனித்து மாற்றுதல் அவசியம்.

எந்த அறைக்கு எது?

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பின்வருமாறு முடிவு செய்யலாம்.

உறங்கும் அறைக்கு, மூடிய கணப்பு ஒன்றே தக்கது. அது கிடைக்காத இடத்தில், புகைபோக்கி இல்லாத கணப்பை உறங்குமுன் ஏற்றி அறையைச் சூடாக்கி, பின்னர் அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னலைச் சற்று நேரம் திறந்து காற்றை மாற்றிவிட்டுப் படுக்கலாம். இரவின் மீதிக்கு ரஜாயும் வெந்நீர்ப் பையும் போதும். மின்சாரம் சீராகக் கிடைக்குமிடத்தில் மின் கணப்பை நாடலாம்.

வகுப்பறைக்கு, புகைபோக்கியுள்ள வெப்பச் சலனக் கணப்பு சிறந்தது. முப்பது மாணவர்களும் பிராணவாயுவைச் செலவழிப்பவர்களே என்பதை மறத்தலாகாது. கணப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு தேவை. இடைவேளைதோறும் ஜன்னல்களைத் திறப்பதை வழக்கமாக்க வேண்டும்.

பட்டறை, உயர்ந்த கூடம், முன்னறை ஆகியவற்றிற்குக் கதிர்வீசும் கணப்பு ஏற்றது. விழித்திருப்பவர் நடமாட்டமும் மிகுந்த காற்றோட்டமும் உள்ள இடமாதலால், இங்குப் புகைபோக்கி இல்லாததையும் பயன்படுத்தலாம்.

கூடாரத்திற்குள்ளும் வண்டிக்குள்ளும் எந்த வாயுக் கணப்பையும் ஏற்றிவிட்டு உறங்கலாகாது. கரியடுப்பிற்கும் இவ்விதி பொருந்தும். கனன்று அடங்கும் கரி கார்பன் மோனாக்ஸைடை மிகுதியாக உண்டாக்குவது.

நச்சின் அறிகுறிகள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால்தளர்ச்சி, மனக்குழப்பம் ஆகியவை கார்பன் மோனாக்ஸைடு நச்சின் முதல் அறிகுறிகள். உயரமான இடத்திற்குப் புதிதாகச் சென்றவருக்கு உண்டாகும் மலைநோயின் அறிகுறிகளும் இவையே. களப்பணியாளர் ஏமாறும் இடம் இதுதான். 'உயரம் ஒத்துக்கொள்ளவில்லை; கதகதப்பாகப் படுத்திருந்தால் சரியாகிவிடும்' என்று நோயாளியை நஞ்சு நிறைந்த அறைக்குள்ளேயே மீண்டும் படுக்கவைத்துவிடுகின்றனர்.

இரண்டையும் வேறுபடுத்த உதவும் குறிப்புகள் சில உண்டு. ஓர் அறையில் இருந்த அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வருதல். வெளியே சென்றால் குறைந்து, உள்ளே வந்தால் மீளுதல். நெடுநாள் அவ்வூரில் வாழ்ந்தவருக்கும் அதே துன்பம் தோன்றுதல். இவற்றுள் ஒன்று காணப்படினும் கணப்பின் மீதே முதலில் ஐயங்கொள்ள வேண்டும். விரலில் மாட்டிப் பிராணவாயு அளவைக் காட்டும் சிறு கருவியை இங்கு நம்பலாகாது. சாதாரணக் கருவி, ஹீமோகுளோபினுடன் சேர்ந்திருப்பது பிராணவாயுவா கார்பன் மோனாக்ஸைடா எனப் பிரித்தறியாது. நோயாளி ஆபத்தில் இருக்கும்போதும் நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

செய்ய வேண்டியவை: அனைவரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு செல்லுதல், போகும் வழியில் கதவு ஜன்னல்களைத் திறந்து கணப்பை அணைத்தல், பிராணவாயு சிலிண்டர் இருப்பின் அதைக் கொடுத்தல், மருத்துவரிடம் அனுப்புதல். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தூய பிராணவாயு கொடுத்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் குறையும். எழுந்து நடந்துவிட்டார் என்பதற்காக மருத்துவரிடம் அனுப்பாமல் இருத்தல் தவறு.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

இப்பாடத்தை வகுப்பில் எளிதில் காட்டலாம். குளிர்ந்த நீர் நிரப்பித் துடைத்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எரியும் வாயுச் சுடருக்குச் சற்று மேலே சில விநாடிகள் பிடித்தால், அதன் அடியில் பனித்துளிகள் படியும். உலர்ந்த சுடரிலிருந்து நீர் வந்தது எவ்வாறு என மாணவரைக் கேட்கலாம். எரியும் மெழுகுவத்தியை ஜாடியால் மூடி, சுடர் அணைந்தபின் அந்த ஜாடியில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்கினால் அது பால்போல் வெண்மையாகும். கரியமில வாயு உண்டானமை விளங்கும். பின்னர், மேலே கூறிய அறையின் கணக்கைத் தம் வகுப்பறையின் நீள அகலங்களைக்கொண்டு மாணவரையே செய்யச் சொல்லலாம். ஜன்னலைத் திறந்து வைக்கும்படி வீட்டிற்குச் சென்று பெரியவர்களிடம் சொல்லக்கூடியவர்கள் அவர்களே.

வாயுக் கணப்பு நல்ல சாதனம். விறகைப்போல் காட்டை அழிப்பதில்லை. கரியைப்போல் சாம்பலையும் புகையையும் தருவதில்லை. தேவையானபோது ஏற்றி, வேண்டாதபோது அணைக்கலாம். ஆயினும் அது எரியும் அறையில் நம்முடன் சேர்ந்து சுவாசிக்கும் பொருள் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். அதற்கு வெளியிலிருந்து காற்று வருகிறது, அதன் புகை வெளியே போகிறது என்பதைத் தம் கண்ணால் கண்டு உறுதி செய்துகொண்ட பின்னரே, கள அலுவலர் அதை அறையில் ஏற்ற இடங்கொடுக்க வேண்டும்.